பூஜ்ஜியத்தில் நின்ற மதியம்

இரவு முழுக்க ரொட்டி அடுப்பின் முன்னால் நிற்கிறேன்.
விடிந்து ஏழு மாடி ஏறி வந்தால்
வீடும் ஓர் அடுப்பு.
உள்ளே வெந்துகொண்டு இரண்டு உருப்படிகள்:
பிலியானா, ஐந்தரை வயது.
யாவோர், மூன்று. சட்டை போட்டு ஒரு வாரம் ஆகிறது அவனுக்கு.

ப்லோவ்திவில் இந்த ஜூலை யாரையும் விட்டுவைக்கவில்லை.
மழலைப் பள்ளி மாதக் கடைசிவரை மூடல்.
என் மனைவிக்கு ஸ்னெஜானா என்று பெயர்,
எங்கள் மொழியில் பனிக்காரி.
பனிக்காரி நாலு மணிவரை ஆஸ்பத்திரியில்.
பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

முதல் நாள் ஈரப் போர்வையைச் சன்னலில் கட்டினேன்,
அரை மணியில் மொரமொரவென்று காய்ந்தது.
குளியல் தொட்டியில் மூவரும் நெருக்கியடித்துக் கப்பல் விட்டோம்.
கப்பல் என்றால் சோப்புப் பெட்டி.
"சூப் மாதிரி இருக்குப்பா" என்றான் யாவோர்,
குழாய்த் தண்ணீரை. பொய்யில்லை.

இரண்டாம் நாள் தயிர் வாளி.
முந்தின சாயங்காலமே தண்ணீர் நிறைத்து
பிளாஸ்டிக் குதிரை, வால்நட் ஓடு, ஜோடி தொலைந்த கம்மல்,
சதுரங்கத்திலிருந்து ஒரு கறுப்பு யானை
எல்லாரையும் ஃப்ரீசருக்குள் அனுப்பியிருந்தேன்.
தரையில் கவிழ்த்தேன். கரண்டி கொடுத்தேன். உப்பு கொடுத்தேன்.
கொத்தினார்கள், ஊதினார்கள், நக்கினார்கள்,
நாக்கு ஒட்டிக்கொண்டு நடுவில் ஓர் அழுகை.
குதிரையின் ஒரு காது வெளியே வர நாற்பது நிமிடம்.
நாற்பது நிமிடம்!
அங்கேயே படுத்துத் தூங்கினேன்.
உருகிய நீர் என் முதுகுக்கடியில் வந்து சேர்ந்தபோதும்
எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் பால்கனி ஆணி காலியாக இருந்தது.
வெப்பமானியைக் காணோம்.
மதியம்தோறும் அதன் முன்னால் நின்று
"ஏறுது, இன்னும் ஏறுது" என்று புலம்புவது என் வழக்கம்.
நேற்று நாற்பத்தொன்று காட்டியதற்கு அதைத் திட்டியும் இருந்தேன்,
பிள்ளைகள் காதில் விழக்கூடாத வார்த்தையில்.

பிலியானா என் முகத்தைப் பார்க்கவில்லை.
யாவோர் ஃப்ரிட்ஜைப் பார்த்தான்.

வாளிக்குள் நின்றவாக்கில் உறைந்திருந்தது.
சிவப்புக் கோடு மைனஸ் பதினாறில்
கால் மடக்கி ஒடுங்கிக் கிடந்தது.
"இதுதானே சூடு ஏத்துது" என்றாள்.
"ஜுரம் வந்தா அம்மா நெத்தியில ஈரத்துணி போடுவாங்கல்ல?"

திட்ட வாயைத் திறந்தேன்.
பிறகு சணல் கயிறு தேடப் போனேன்.
கட்டியோடு சேர்த்தே அதே ஆணியில் தொங்கவிட்டோம்.

மைனஸ் பத்து. மைனஸ் நாலு.
பூஜ்ஜியம்.
அங்கே வந்து கோடு நின்றுவிட்டது.
பனி தீரும்வரை அது நகராது,
பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன்.
இவர்கள் இன்னும் படிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.
யாவோர் கம்பளித் தொப்பி கேட்டான்.
பிலியானா கையுறை மாட்டினாள்.
மூக்கு நுனியில் வேர்வை சொட்ட
"ஐயோ குளிருது" என்று பல்லைத் தட்டினார்கள்.

கட்டியும் சொட்டியது, ஆறாம் மாடிமேல்.
அங்கே ஸ்தமாத் இருக்கிறார்,
நாங்கள் ஈரத்துணி காயப்போட்டால்
துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிக்கிறவர்.
மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். இடி வரவில்லை.
எட்டிப் பார்த்தேன்.
நாற்காலியைச் சொட்டுக்கு நேரே இழுத்துப் போட்டு
வழுக்கை மண்டையை நீட்டிக் கண்ணை மூடி
ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

நாலரைக்கு ஸ்னெஜானா கதவைத் திறந்தாள்.
தொப்பியில் ஒருவன், கையுறையில் ஒருத்தி,
அரை டிராயரில் நான்.
நடைபாதைத் தாரில் செருப்பு ஒட்டிய கதையை
ஆரம்பித்தவள் ஆணியைப் பார்த்தாள்,
கோட்டைப் பார்த்தாள்,
பையைக் கீழே வைத்தாள்.
"எனக்கு ஒரு ஸ்வெட்டர்" என்றாள்.

ஐந்து மணி சுமாருக்கு
காலடியில் டொக், டொக், டொக்.
துடைப்பக் கட்டை.
சொட்டு நின்றுவிட்டதாம்.